ஹபீப் தன்வீரும் அவருடைய சத்தீஸ்கர் நடிகர்களும்: நாடகம் யாருடையது?

சாக்பீஸ் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு சின்ன நாடகம் போட்டோம். நடித்தவர்களில் இரண்டு பேர் கூத்துக் கலைஞர்கள். அதில் மூத்தவருக்கு அறுபது வயதுக்கு மேல். அவர் ஊரில் துரியோதனன் வேஷம் கட்டி விடிய விடிய ஆடுவதை நேரில் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். ஒரு மாத ஒத்திகை. தரையில் சாக்பீஸால் குறி போட்டு, இந்த வசனத்துக்கு இங்கே, அந்த வசனத்துக்கு அங்கே என்று சொல்லிக் கொடுத்தேன். ஊரில் சிங்கம் மாதிரி ஆடியவர் என் மேடையில், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் விட்ட பிள்ளை மாதிரி நின்றார்.

நாடகம் முடிந்து அரிதாரம் கலைக்கும்போது அவரே சொன்னார்: “தம்பி, நீங்க கோடு போட்டீங்களா, நான் கோட்டையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். சனம் எந்தப் பக்கம் உக்காந்திருக்குதுன்னே தெரியல.”

இதை ஒரு நண்பரிடம் புலம்பியபோது, “ஹபீப் தன்வீரைப் படி” என்றார். எனக்குத் தெரிந்தது ‘சரண்தாஸ் சோர்’ என்ற அவருடைய நாடகத்தின் பெயர் மட்டும்தான். விருதுப் பட்டியல் வேண்டாம். இந்த மனிதர் எப்படி வேலை செய்தார் என்று யாராவது சொல்லுங்களேன்.

பெட்ரோமாக்ஸ் எழுதியது:

தம்பி, உங்கள் நண்பர் சரியான ஆளிடம்தான் அனுப்பியிருக்கிறார். உங்களுக்கு ஒரு மாதத்தில் நடந்தது தன்வீருக்குப் பதினைந்து வருஷம் நடந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிறந்தது 1923-ல், ராய்ப்பூரில். இயற்பெயர் ஹபீப் அகமது கான். ‘தன்வீர்’ என்பது உருதுக் கவிதைக்காக வைத்துக்கொண்ட பெயர். ஆள் முதலில் கவிஞர்தான், நாடகக்காரர் பிற்பாடு. 1940களில் பம்பாய் போய் வானொலி, பத்திரிகை, சினிமா என்று சுற்றி, இப்டா என்ற இடதுசாரி நாடக இயக்கத்தில் சேர்ந்தார். 1954-ல் டெல்லி வந்ததும் செய்த நாடகம் ‘ஆக்ரா பஜார்’. ஜாமியா மில்லியா மாணவர்களையும் பக்கத்து ஓக்லா கிராமத்துக்காரர்களையும் கலந்து மேடையேற்றினார்.

அந்த நாடகத்தின் கதை இரண்டு வரிதான். சந்தையில் வியாபாரம் படுத்துக் கிடக்கிறது. வெள்ளரிக்காய் விற்கிறவனுக்கு ஒரு யோசனை: தன் சரக்கைப் பற்றி ஒரு கவிதை கிடைத்தால் பாடி விற்கலாமே! பெரிய கவிஞர்களிடம் போகிறான், விரட்டுகிறார்கள். சாதாரண ஜனங்களைப் பற்றிப் பாடிய பழைய உருதுக் கவிஞர் நஸீர் அக்பராபாதியிடம் போகிறான், எழுதிக் கொடுக்கிறார். வெள்ளரிக்காய் விற்கிறது. சந்தையே அவர் பாட்டைப் பாட ஆரம்பிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நாடகமே நஸீரைப் பற்றியதுதான், ஆனால் நஸீர் ஒரு தடவைகூட மேடைக்கு வரமாட்டார். ஒரு பக்கம் பட்டம் விற்கிறவன் கடை, அங்கே அவர் பாட்டு. மறுபக்கம் புத்தகக் கடை, அங்கே அவரை மட்டம் தட்டும் பண்டிதர்கள். நடுவில் கூட்டம். பிற்காலத்துத் தன்வீர் முழுக்க இதில் இருக்கிறார்.

1955-ல் இங்கிலாந்து. லண்டனில் ராடா என்ற நாடகப் பள்ளி, அப்புறம் பிரிஸ்டல் ஓல்டு விக் நாடகப் பள்ளி. அங்கே அவர் கற்றதைவிடக் கற்க மறுத்ததுதான் முக்கியம். ஆங்கில வசனத்துக்கு உடம்பு அசைகிற விதம் வேறு, நம் பேச்சுக்கு அசைகிற விதம் வேறு என்று அவருக்குப் பட்டுவிட்டது. படிப்பைவிட்டு ஐரோப்பாவைச் சுற்றினார். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டைப் பார்க்க வேண்டும் என்று பெர்லின் போய்ச் சேர்ந்தார். பிரெக்ட் 1956 ஆகஸ்டிலேயே இறந்துவிட்டிருந்தார். ஆனால் அவருடைய குழு இருந்தது. சில மாதங்கள் அங்கேயே தங்கி அவர்கள் நாடகங்களைப் பார்த்தார்.

1958-ல் ஊர் திரும்பியதும் ராய்ப்பூரில் ஒரு நாச்சா ஆட்டம் பார்த்தார். நாச்சா என்றால் சத்தீஸ்கர் கிராமங்களில் இரவு முழுக்க நடக்கும் ஆட்டம். சின்னச் சின்ன நகைச்சுவைக் கதைகள், நடுநடுவே பாட்டு, நடனம். பெண் வேஷம் கட்டும் ஆணுக்குப் ‘பரி’ என்று பெயர், கோமாளிக்கு ‘ஜோக்கர்’. விடிய விடியப் பார்த்தவர், தாக்கூர் ராம், புல்வா ராம், மதன் லால் உட்பட ஆறு பேரை டெல்லிக்குக் கூட்டிக்கொண்டு போய், ‘மிருச்சகடிகம்’ என்ற பழைய சம்ஸ்கிருத நாடகத்தை ‘மிட்டி கி காடி’ என்று போட்டார். 1959-ல் மோனிகா மிஸ்ராவோடு சேர்ந்து நயா தியேட்டரைத் தொடங்கினார். மோனிகா பின்னர் அவர் மனைவி ஆனார்.

இனிதான் உங்கள் சாக்பீஸ் கதை. அந்த நடிகர்களுக்கு அவர் இந்தி வசனம் சொல்லிக் கொடுத்தார். இங்கிருந்து அங்கே நட, இந்தப் பக்கம் திரும்பு என்று பயிற்சி கொடுத்தார். மேடையின் இடது வலதே அவர்களுக்குப் பிடிபடவில்லை. நாச்சாவில் மூன்று பக்கமும் கூட்டம். எந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வருகிறதோ, நடிகன் அந்தப் பக்கம் திரும்பி அடுத்த வரியைப் போடுவான். அப்படிப் பழகியவனிடம் போய் இடது கால், வலது கால் என்றால்? ஊரில் கூட்டத்தைக் கட்டிப் போட்ட தாக்கூர் ராம், டெல்லி மேடையில் வெளிறிப் போனார். இவர் எங்கே கோளாறு என்று தலையைப் பிய்த்துக்கொண்டார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, ஏறக்குறைய எழுபதுகளின் தொடக்கம் வரை.

அப்புறம் புரிந்தது: கோளாறு அவர்களிடம் இல்லை, தன்னிடம். அவர்கள் தாய்மொழியிலேயே பேசட்டும், எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும். 1973-ல் ராய்ப்பூரில் நாச்சாக்காரர்களை வைத்து ஒரு மாதப் பட்டறை. பழைய நாச்சாக் கதைகள் மூன்றைக் கோத்து ஒரு நாடகம் வந்தது: ‘காவ் கா நாம் ஸசுரால், மோர் நாம் தாமாத்’. ஊர் பெயர் மாமியார் வீடு, என் பெயர் மாப்பிள்ளை என்று அர்த்தம். சத்தீஸ்கரி மொழி தெரியாத டெல்லிக்காரர்களும் அதற்குச் சிரித்தார்கள். ‘சரண்தாஸ் சோர்’ 1975-ல் வந்தது.

மீதியை மற்றவர்கள் சொல்லட்டும், கை வலிக்கிறது.

கடைசி வரிசை எழுதியது:

பெட்ரோமாக்ஸ் அண்ணன் எழுதினால் நாங்கள் என்ன சேர்ப்பது! ஒன்றே ஒன்று. 1972 முதல் 1978 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தார். அதாவது அந்த 1973 பட்டறை நடந்ததும் ‘சரண்தாஸ்’ உருவானதும் அவர் எம்.பி.யாக இருந்த காலத்தில். எம்.பி. ஒருவர் பகலில் அவைக்குப் போய்விட்டு, மற்ற நேரத்தில் நாச்சாக்காரர்களோடு ஒத்திகையில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது.

தாளக்கட்டு எழுதியது:

‘சரண்தாஸ் சோர்’ நான் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் வேலை நிமித்தம் டெல்லியில் இருந்தபோது. இந்தியே அரைகுறை, சத்தீஸ்கரி சுத்தம். பக்கத்தில் இருந்தவரிடம் அர்த்தம் கேட்கலாம் என்று நினைத்துப் போனேன், கேட்கவே தேவைப்படவில்லை.

மேடையில் இருந்தது ஒரு தாழ்வான செவ்வக மேடை, அதன் பின்னால் இலையோடு ஒரு மரக்கிளை. அவ்வளவுதான். அதுவே காடு, அதுவே பண்ணையார் வீடு, அதுவே அரண்மனை. ஓரத்தில் வாத்தியக்காரர்கள்.

கதை தெரியாதவர்களுக்கு: சரண்தாஸ் ஒரு திருடன். போலீசிடமிருந்து தப்பி ஓடும்போது ஒரு குருவிடம் போய்ச் சேருகிறான். அங்கே விளையாட்டாகச் சில சத்தியங்கள் செய்கிறான். தங்கத் தட்டில் சாப்பிட மாட்டேன், யானைமேல் ஊர்வலம் போக மாட்டேன், ராணியைக் கல்யாணம் பண்ண மாட்டேன், ராஜா ஆக மாட்டேன். திருட்டுப் பயலுக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது என்ற தைரியம்! குரு தன் பங்குக்கு ஒன்று கேட்கிறார்: பொய் சொல்லக் கூடாது. அதையும் ஒப்புக்கொள்கிறான்.

அப்புறம் ஒவ்வொன்றாக வருகிறது. அரசாங்கக் கஜானாவில் புகுந்து ஐந்தே ஐந்து பொற்காசு எடுக்கிறான். கணக்குப் பார்க்கிறவன் சந்தடி சாக்கில் இன்னும் ஐந்தைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, பத்து போயிற்று என்கிறான். ராணி முன்னால் திருடன் நின்று, நான் எடுத்தது ஐந்துதான் என்கிறான். அந்த இடத்தில் கணக்கன் முகம் போன போக்கு இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பார்த்தால் வசனமே இல்லை. மடியை ஒரு கையால் மெதுவாகப் பொத்திக்கொண்டான், அவ்வளவுதான். அரங்கம் அதிர்ந்தது.

ராணிக்கு அவன்மேல் ஆசை. தங்கத் தட்டில் சாப்பாடு, யானை, கடைசியில் கல்யாணம். எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்கிறான். சரி, நான் கேட்டதை வெளியே சொல்லாதே என்கிறாள். யாராவது கேட்டால் பொய் சொல்ல முடியாதே என்கிறான். கொன்றுவிடுகிறார்கள். ஒன்றரை மணி நேரம் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் திடீரென்று வாயடைத்துப்போயிற்று.

விஜய்தான் தேத்தா சொன்ன ராஜஸ்தான் கதைதான் மூலம். அங்கே திருடன் செத்த பிறகும் கதை போகும். தன்வீர் சாவோடு நிறுத்திவிட்டு, செத்தவனை ஜனங்கள் கும்பிட ஆரம்பிப்பதாக முடித்தார். இடையிடையே, சத்தியமே கடவுள் என்று நம்பும் சத்தீஸ்கர் தலித் மக்களான சத்நாமி சமூகத்தாரின் பந்தி நடனமும் சத்தியத்தைப் புகழும் பாட்டும் வரும். முதலில் பிலாயில் திறந்தவெளியில் ‘சோர் சோர்’ என்ற பெயரில் அரைகுறை வடிவத்தில் போட்டுப் பார்த்தார்கள். பிறகுதான் முழு நாடகமாக வளர்ந்தது. 1982-ல் எடின்பரோ விழாவில் ‘ஃபிரிஞ்ச் ஃபர்ஸ்ட்’ விருது வாங்கியது இதுதான்.

பின்பாட்டு எழுதியது:

எல்லாம் சரி. நான் கொஞ்சம் கசப்பாகப் பேசப்போகிறேன், கோபிக்க வேண்டாம்.

இந்த இழையில் இதுவரை தன்வீர் பெயர் எத்தனை தடவை வந்தது, நடிகர்கள் பெயர் எத்தனை தடவை வந்தது என்று எண்ணிப் பாருங்கள். தாளக்கட்டு இவ்வளவு ரசித்து எழுதிய அந்தக் கணக்கன் யார்? பெயர் தெரியாது. நாடகத்தின் ஆட்டம், பாட்டு, நகைச்சுவை எல்லாம் நாச்சாக்காரன் சொத்து. ஒத்திகையில் வாயில் வந்ததைச் சொல்லி வசனத்தை உண்டாக்கியதும் அவன்தான். புத்தகமாக அச்சாகும்போது அட்டையில் ஒரே பெயர். பத்மஸ்ரீ 1983, பத்மபூஷண் 2002, எல்லாம் ஒருவருக்கே. சரண்தாஸாக ஆடிய கோவிந்த் ராம் நிர்மல்கருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது 2009-ல். அதற்குள் உடம்பு விழுந்துவிட்டது. கடைசிக் காலத்தில் மனிதர் நோயோடும் பணமுடையோடும் கிடந்தார்.

சாக்பீஸ் தம்பி, நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் “கூத்துக்காரரை எப்படி நடிக்க வைப்பது” என்பதோடு நின்றுவிட்டீர்கள். நோட்டீஸில் பெயர் எப்படிப் போடுவது, வருமானத்தில் பங்கு எப்படி என்பதும் இயக்குநர் வேலைதான்.

பெட்ரோமாக்ஸ் எழுதியது:

பின்பாட்டு அண்ணே, நியாயமான கோபம். முழுக்க மறுக்கமாட்டேன். ஆனால் இரண்டு விஷயம்.

ஒன்று, அவர் நாட்டார் கலையைப் படம் பிடித்துக்கொண்டு போய் டெல்லிப் பட்டதாரிகளுக்குச் சொல்லிக் கொடுத்து ஆடவைத்தவர் அல்ல. அந்தக் காலத்தில் ‘வேர்களைத் தேடி’ என்று கிளம்பிய பலர் அதைத்தான் செய்தார்கள். இவருடைய மேடையில் நின்றது நாச்சாக்காரர்களே. அவர்களுக்கு மாதச் சம்பளம் இருந்தது. அவர்களோடு அதே ரயிலில் போய், அதே சத்திரத்தில் தங்கி, முப்பது நாற்பது வருஷம் குப்பை கொட்டினார். ஃபிதா பாயை எடுத்துக்கொள்ளுங்கள். தேவார் சமூகத்துப் பெண், தெருவில் பாடி ஆடிப் பிழைக்கும் சமூகம். அவரைத்தான் ‘சரண்தாஸ்’ நாடகத்தின் ராணியாக்கினார். ‘பகதூர் கலாரின்’ நாடகத்தில் தலைமை வேஷம் கொடுத்தார். பெண் வேஷத்தை ஆணே கட்டிவந்த நாச்சாவுக்குள் பெண்களைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார்.

இரண்டு, அவர் ஒன்றும் செய்யாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தார் என்பதும் தப்பு. மூன்று நாச்சாக் கதையைக் கோத்து ஒரே நாடகமாக்க ஒரு கண் வேண்டும். நாச்சாக்காரர் ஒரு கதையை மூன்று மணி நேரம் இழுப்பார், அது அந்த இரவுக்கு அழகு. எது இருக்க வேண்டும், எது போக வேண்டும், பாட்டு எங்கே வெட்ட வேண்டும் என்று தீர்மானித்தது இவர். 1993-ல் ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனில் இரவுக் கனவை’ சத்தீஸ்கருக்குக் கொண்டுவந்தாரே, அதில் நாடகம் போட வரும் தச்சன், நெசவாளி கூட்டத்துக்கு நாச்சா ஆட்களைப் போட்டார். தொழிலாளிகள் நாடகம் போடுவதைத் தொழிலாளிகளே நடித்தால் எப்படி இருக்கும்? அந்த யோசனை தாக்கூர் ராமுக்கு வராது. அந்தச் சிரிப்பு தன்வீருக்கு வராது.

பின்பாட்டு எழுதியது:

கடைசி இரண்டு வரி அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதால் சந்தேகமாகவும் இருக்கிறது 🙂 ஃபிதா பாய் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். அட்டையில் ஒரே பெயர் என்பதை நீங்கள் தொடவே இல்லை.

பெட்ரோமாக்ஸ் எழுதியது:

தொடவில்லைதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசி வரிசை எழுதியது:

அவரை ரொம்பப் பாதுகாப்பான இடத்தில் வைத்துப் பேசுகிறோமோ என்று தோன்றுகிறது. விருது வாங்கி வீட்டில் உட்கார்ந்த மனிதர் அல்ல. ‘போங்கா பண்டித்’ ஞாபகம் இருக்கிறதா? 1930களிலிருந்தே நாச்சாக்காரர்கள் ஆடிவந்த பழைய கதை. துப்புரவுப் பெண் ஒருத்தியையும் பூசாரியையும் வைத்துத் தீண்டாமையைக் கிண்டலடிக்கும். ஐம்பது அறுபது வருஷம் கிராமத்து ஜனங்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகு, அதே கதையை ஒரு முஸ்லிம் இயக்குநர் போடுகிறார் என்றதும் மதத்துக்கு விரோதமாகிவிட்டது. 2003-ல் மத்தியப் பிரதேசத்தில் ஊர் ஊராகப் போனபோது கூச்சல், நாற்காலி வீச்சு எல்லாம் நடந்தது. அப்போது வயது எண்பது. தேதியை ரத்து செய்துவிட்டுப் போயிருக்கலாம். அடுத்த ஊருக்கு வண்டி ஏறினார். அதே சுற்றில் கூடவே போட்ட இன்னொரு நாடகம், அஸ்கர் வஜாஹத் எழுதிய ‘ஜிஸ் லாகூர்’, பிரிவினைக்குப் பிறகு லாகூர் வீட்டைவிட்டுப் போக மறுக்கும் ஒரு இந்துக் கிழவியின் கதை. அதைப் பார்த்துவிட்டுமா எதிர்த்தார்கள் என்று கேட்காதீர்கள்.

தாளக்கட்டு எழுதியது:

எதிர்ப்பு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2009 ஜூன் 8-ல் போபாலில் இறந்தார். இரண்டு மாதத்துக்குள் சத்தீஸ்கர் அரசு ‘சரண்தாஸ் சோர்’ மீது தடை போட்டது. சத்நாமி சமூகத்தில் சிலர், நாடகம் தங்களைத் தாழ்த்துவதாக ஆட்சேபித்தார்கள். அந்த நாடகத்தின் முதல் வடிவத்தைப் பார்த்த கூட்டத்தில் சத்நாமிகள் இருந்தார்கள், பாட்டும் ஆட்டமும் அவர்களுடையது. முப்பத்து நான்கு வருஷம் கழித்து இப்படி.

பின்பாட்டு எழுதியது:

அதை வெறும் அரசியல் என்று தள்ளிவிடவும் முடியாது. உன் பாட்டை எடுத்து இன்னொருவன் உலகம் சுற்றினால், என்றைக்காவது ஒருநாள் கேட்கத்தான் செய்வாய். தடை தப்பு. கேள்வி தப்பில்லை.

அரிதாரப்பெட்டி எழுதியது:

புதிதாக வருகிறேன், மன்னிக்கவும். நான் கூத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன். சாக்பீஸ் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை: தன்வீர் வழியை அப்படியே இங்கே பெயர்த்து வைக்காதீர்கள்.

நாச்சாவும் தெருக்கூத்தும் ஒன்றல்ல. நாச்சாவில் கதை கைக்கடக்கமாக இருக்கும், வசனம் பெரும்பாலும் அங்கேயே பிறக்கும். ஆகவே ‘உன் இஷ்டத்துக்கு ஆடு’ என்றால் நாச்சாக்காரர் ஆடிவிடுவார். தெருக்கூத்து அப்படி அல்ல. பாரதக் கதை, பாட்டு, விருத்தம், திரை விருத்தம் பாடி வேஷம் வெளியே வருவது, இன்ன வேஷத்துக்கு இன்ன அடவு, இன்ன கிரீடம். துரியோதனன் வேஷக்காரரிடம் போய் சும்மா பேசி நடியுங்கள் என்றால் அவரிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டதாக அர்த்தம். அவர் உடம்பு தாளத்துக்கு அசைந்து பழகியது. மிருதங்கமும் முகவீணையும் ஆர்மோனியமும் பின்னால் இல்லாமல் அவரைச் சாக்பீஸ் கோட்டில் நிறுத்தினீர்களா? நின்றதே பெரிய விஷயம்.

கூத்தில் இஷ்டத்துக்குப் பேசுகிற ஒரே ஆள் கட்டியங்காரன். ராஜாவையும் கிண்டல் பண்ணுவான், ஊர் தலைவரையும் கிண்டல் பண்ணுவான், கூட்டத்தில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடுவான். தன்வீரின் நடிகர்களுக்கு நம் ஊரில் ஒப்பு தேட வேண்டுமானால் கட்டியங்காரனிடமும் ஸ்பெஷல் நாடகத்துப் பபூனிடமும் தேடுங்கள், ராஜ வேஷத்திடம் தேடாதீர்கள்.

இங்கேயும் வேலை நடக்காமல் இல்லை. 1977-ல் எழுத்தாளர் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது, புரிசை ஊர்த் தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் தொடர்பு அதற்குப் பெரிய பலம். ஆனால் போக்கு வேறு. அங்கே நகரத்து நடிகர்கள் கூத்தைக் கற்றார்கள். தன்வீர் குழுவில் கிராமத்து நடிகர்களே நடித்தார்கள். எது சரி என்று கேட்டால், பசுபதி, கலைராணி மாதிரி நடிகர்கள் பட்டறையிலிருந்து வந்ததையும் சொல்ல வேண்டும், புரிசையில் கூத்துக்காரர்கள் தங்கள் மன்றத்தைத் தாங்களே நடத்திக்கொண்டிருப்பதையும் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் எனக்குப் புரிசைக்காரர்கள் பக்கம்தான் சாய்வு. அது என் பிறப்புக் கோளாறு.

கடைசி வரிசை எழுதியது:

திரை விருத்தம் பற்றித் தனி இழை போடுங்கள் ஐயா, புண்ணியமாகப் போகும்.

சாக்பீஸ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன். பின்பாட்டு அண்ணன் சொன்னது சரி. என் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. அவர் பெயர் ‘மற்றும் பலர்’ என்பதற்கு முந்தைய வரியில், அதுவும் ஒரு எழுத்துப் பிழையோடு.

இன்று காலை அவருக்கு போன் செய்தேன். அறுவடை போய்க்கொண்டிருக்கிறதாம், பின்னால் டிராக்டர் சத்தம். திரும்ப ஒரு நாடகம் பண்ணலாமா, இந்தத் தடவை கோடு போடமாட்டேன், ஒத்திகையை உங்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம், வாத்தியக்காரர்களும் வரட்டும் என்றேன். சிரித்தார். கதை என்ன என்று கேட்டார். பத்து நிமிஷம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அதுல கட்டியங்காரன் யாரு?” என்றார்.

நான் எழுதி வைத்திருக்கும் கதையில் அப்படி ஒரு ஆளே இல்லை.

அரிதாரப்பெட்டி எழுதியது:

அறுவடை முடிய இன்னும் மூன்று வாரமாவது ஆகும் தம்பி. அதற்குள் எழுதிவிடாதீர்கள். வெறுங்கையோடு போய் அவரையே கேளுங்கள். போகும்போது பழைய நோட்டீஸ் ஒன்றையும் எடுத்துப் போங்கள், பெயரை எப்படி எழுத வேண்டும் என்று அவரே சொல்வார்.